ரகசிய பாஷைக் கடிதம்

ஞானசௌந்தரி சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. கோட்டையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள், ஆனால் சட்டமன்றத்துக்குள் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது கிடையாது. வரவும் கூடாது. அவள் பேரவை நிருபர். பத்திரிகை நிருபர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரிகைக்காரர் பிடித்ததை எழுதலாம், பிடிக்காததை விடலாம், நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உறுப்பினர்கள் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும், எடுத்ததைக் கொண்டுபோய் டைப் அடிக்க வேண்டும். வாழ்த்தினால் வாழ்த்து, வைதால் வசவு. ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அதிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். சபாநாயகர் நாற்காலிக்குக் கீழே இருக்கிற மேசையில் உட்கார்ந்து எழுதுவாள். ஒன்பதாவது நிமிஷம் அடுத்த ஆள் பூனை மாதிரி வந்து பக்கத்தில் உட்காருவார். பத்தாவது நிமிஷம் இவள் எழுந்துவிட வேண்டும், பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி. பின்னறைக்குப் போய் டைப் அடித்துவிட்டு, ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தன் முறைக்கு மறுபடி வருவாள். அதற்குள் சண்டை முடிந்து வேறு சண்டை தொடங்கியிருக்கும். முழுப் பேச்சு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை கேட்ட நிருபர் அங்கே யாரும் கிடையாது.

சாயங்காலம் கோட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கி, சேலையூருக்கு நடப்பாள். வீட்டைத் திறந்தால் யாரும் இல்லை. பிள்ளை பிறக்கவில்லை. புருஷன் ஜெபசீலன் ஜெயிலில் இருந்தான்.

ஜெபசீலன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. அதற்காக அவன் செய்தது சரி என்று சொல்ல நான் வரவில்லை. கேம்ப் ரோட்டில் மருந்துக் கடை வைத்திருந்தான். மருந்து எடுத்துக் கொடுக்க அவனிடம் லைசென்ஸ் இருந்தது, ஊசி போட இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு டாக்டரைத் தேடிப் போக நேரம் ஏது? "தம்பி, காய்ச்சலா கீது, ஒரு ஊசி போட்டு உடு" என்று வந்து உட்காருவார்கள். அவனும் போட்டான். வருஷக்கணக்கில் போட்டான், எல்லாரும் எழுந்து நடந்து போனார்கள். ஒருநாள் மாடம்பாக்கத்திலிருந்து வந்த பாலாம்பாள் என்கிற பெண்ணுக்குப் பென்சிலின் போட்டான். மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் துளி போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா, அன்றைக்குக் கடையில் கூட்டம், பார்க்கவில்லை. ஆட்டோ வருவதற்குள் கடை பெஞ்சிலேயே அந்தப் பெண் போய்விட்டாள். கோர்ட்டில் வக்கீல் எவ்வளவோ சொல்லிக் கொடுத்தும் ஜெபசீலன் கேட்கவில்லை. "நான்தான் போட்டேன்" என்றான். இரண்டு பிரிவில் சேர்த்து மூன்று வருஷம் கொடுத்தார்கள். அதில் ஒன்றரை வருஷம் கழிந்திருந்தது.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஜெயிலுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தால் பார்க்க விடுவார்கள். மனு பார்க்கிறது என்றுதான் அதற்குப் பெயர். என்னத்தைப் பார்க்கிறது! இந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, அந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு இடைவெளி. இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் தொண்டை கிழியக் கத்துவார்கள். சட்டமன்றத்தில் இருபது பேர் எழுந்து நின்று கூச்சல் போட்டாலும் எது யார் குரல் என்று பிரித்து எழுதுகிற காது சௌந்தரிக்கு. அந்தக் காதுக்குக் கட்டின புருஷன் குரல் மட்டும் எட்டவில்லை. அவனுக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். இவளுக்கோ கத்த வராது. உதட்டைப் பார்த்து "சாப்டியா" என்கிறான் என்று ஊகித்துத் தலையை ஆட்டுவாள். பத்து நிமிஷத்தில் மணி அடித்துவிடும்.

சரி, கடிதம் எழுதலாம் என்றால் அதை ஜெயிலில் ஒருவர் பிரித்துப் படித்து, முத்திரை குத்தித்தான் உள்ளே அனுப்புவார். "நான் சுகம், நீங்கள் சுகமா, கர்த்தர் காப்பாராக" என்பதற்கு மேல் சௌந்தரிக்குக் கை ஓடாது. எவனோ ஒருத்தன் டீயை உறிஞ்சிக்கொண்டே படிப்பானே என்று நினைத்தால் உடம்பு கூசியது. மனசில் இருப்பதோ அது இல்லை. மனசில் இருந்ததை எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும்.

அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனம் செய்தாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சுருக்கெழுத்து படிக்கப் போய்த்தான் இருவரும் பழகினார்கள். அவனுக்கு வேகம் போதாது, ஆனால் நிதானமாகப் படித்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று பக்கம் சுருக்கெழுத்தில் எழுதினாள். எவன் பிரித்தால் என்ன, புழு நெளிந்த மாதிரி கோடு தெரியுமே தவிர ஒரு இழவும் புரியாது என்று சந்தோஷமாகத் தபாலில் போட்டாள். இருபது வருஷமாக அந்தக் கோடுகளிலேயே வாழ்ந்தவளுக்கு, புரியாத எழுத்து ஜெயிலுக்குள் போனால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

அடுத்த மனுவுக்குப் போனபோது வாசலில் காவலர் திருப்பி அனுப்பினார். "உங்க ஆளுக்கு மூணு மாசம் மனு கிடையாதும்மா. ரகசிய பாஷையில லெட்டர் வந்துகீது. விசாரணை நடக்குது."

"ஐயோ சார், அது சுருக்கெழுத்து."

"இன்னா எழுத்தோ. பெரியவர் ரூமுக்குப் போ. அவரு எதிர்ல படிச்சுக் காட்டு, முடிஞ்சுது."

பெரியவர் என்றால் ஜெயில் சூப்பிரண்டு. அவர் அறை பத்தடியில் இருந்தது. போய்ப் படித்துக் காட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். சௌந்தரி கதவுவரை போனாள். உள்ளே நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படிப்பதை நினைத்ததும் திரும்பி வந்துவிட்டாள். தபாலில் ஒரு விளக்கம் எழுதிப் போட்டாள், பதில் இல்லை. ஏழு வாரம் ஆயிற்று. அவன் அங்கே எதற்கென்றே தெரியாமல் தண்டனை அனுபவிக்கிறான், தன் வெட்கம்தான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். சாப்பாடு இறங்கவில்லை. வேறு ஜெயிலுக்கு, தெற்கே எங்கேயோ தூரத்துக்கு, அவனை மாற்றப்போகிறார்கள் என்று வேறு ஒரு பேச்சு காதில் விழுந்தது. அப்படி ஆனால் மாதத்துக்கு ஒரு தடவைகூட முகம் பார்க்க முடியாது.

இந்த நிலைமையில்தான் அந்த மசோதா வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்க்கிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்டுகிற மசோதா. அன்றைக்குச் சபாநாயகர் வெளியூர். மாற்றுத் தலைவராக ஒரு வயதான உறுப்பினர் நாற்காலியில் இருந்தார், அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்.

சௌந்தரியின் முறை பதினொன்று நாற்பதுக்கு. அவள் போய் உட்கார்ந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். வாட்டசாட்டமான ஆள், வெண்கலத் தொண்டை. மைக் இல்லாவிட்டாலும் பாரிமுனைவரை கேட்கும்.

"தலைவர் அவர்களே, தண்டனையை மூன்றிலிருந்து ஐந்தாக்குகிறீர்கள், நல்லது. ஆனால் உள்ளே போனவர்கள் என்ன செய்கிறார்கள்? சேலையூரில் ஒரு மருந்துக் கடைக்காரர், லைசென்ஸ் இல்லாமல் ஊசி போட்டு ஒரு பெண்ணின் உயிரைக் குடித்தார்."

பென்சில் நிற்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். உயிரைக் குடித்தார் என்று கை எழுதியது. எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவியது.

"அவர் இன்று சிறைக்குள்ளே இருந்துகொண்டு வியாபாரம் நடத்துகிறார். எப்படி? ரகசிய பாஷையில்! இதோ, அவருக்கு வந்த கடிதத்தின் நகல் என் கையில் இருக்கிறது. ஒரு எழுத்து யாருக்கும் புரியாது. இதில் இருப்பது மருந்துக் கணக்கா, போதைச் சரக்கா? சிறைத்துறை தூங்குகிறதா?"

இரண்டு பக்கமும் கூச்சல். சௌந்தரி தலையைத் தூக்கினாள். உறுப்பினர் கையில் ஆடிக்கொண்டிருந்த காகிதத்தில் தன் கோடுகள் பத்தடி தூரத்திலேயே தெரிந்தன. ஆண்டவரே, இங்கேயா, இந்த இடத்திலா என்று மனசு அடித்துக்கொண்டது. கை என்னவோ 'குறுக்கீடு' என்று ஒழுங்காகப் போட்டது.

அமைச்சர் எழுந்து, அந்தக் கைதியை வேறு சிறைக்கு மாற்றுவது பற்றிப் பரிசீலனை நடக்கிறது என்றார். தலைவர் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, கீழே ஓடிக்கொண்டிருந்த சௌந்தரியின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இது ரகசிய பாஷை மாதிரி எனக்குத் தெரியவில்லை. நமது நிருபர்களைக் கொண்டு படித்துப் பார்த்து, உணவு இடைவேளைக்குப் பிறகு..."

அதற்குள் கிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு அடுத்த முறை அவனுடையது. பத்து நிமிஷம் முடிந்தது. சௌந்தரி எழுந்தாள், வணங்கினாள், வெளியே வந்தாள். நடந்தாளா மிதந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

பின்னறையில் தலைமை நிருபர் ராஜகோபாலன் இருந்தார். முப்பது வருஷ சர்வீஸ், கெடுபிடியான மனுஷர். ஒரு கமா விட்டுப்போனால்கூட ஆளைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிடுவார். ஜெபசீலன் ஜெயிலில் இருப்பது அந்த ஆபீசில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்களிடம் புருஷன் வடக்கே வேலையாக இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தாள். கால் மணி நேரத்தில் செயலாளரிடமிருந்து காகிதம் ராஜகோபாலன் மேசைக்கு வந்தது. எடுத்துப் பார்த்தார். ஒவ்வொருத்தர் சுருக்கெழுத்துக்கும் ஒரு சாயல் உண்டு. தன் ஆட்களின் சாயல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

முதல் நான்கு வரி படித்தார். அதோடு நிறுத்தி, காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது நீ எழுதினதுதானேம்மா?"

"ஆமா சார்."

"மேல நான் படிக்கல. படிக்கவும் மாட்டேன்." ராஜகோபாலன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "இதை டைப் அடிச்சுத் தலைவருக்குக் கொடுக்கணும். அவர் படிப்பார், அமைச்சர் படிப்பார், அந்த உறுப்பினரும் கேட்பார். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. வீட்டு ஓடு மாத்தினேன், அரிசி வாங்கினேன், பல்வலின்னு ஒரு பக்கம் அடிச்சுடு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். யாருக்கு என்ன தெரியப்போவுது? உன் வீட்டுக்காரருக்கும் தொல்லை தீர்ந்துபோகும்."

ஒரு கமாவுக்கு ஆளை நிற்க வைக்கிற மனுஷர் இதைச் சொன்னார். சௌந்தரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "சரி சார்" என்றுதான் சொன்னாள். மெஷினில் தாளைச் செருகினாள். 'அன்புள்ள கணவருக்கு, இங்கே அனைவரும் நலம். ஓடு மாற்றியாகிவிட்டது' என்று அடித்தாள். அடித்ததைப் பார்த்தாள். வீட்டில் அனைவரும் என்று யார் இருக்கிறார்கள்?

அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்தக் காகிதம்தான் இனி அந்தக் கடிதம். தலைவர் கையெழுத்தோடு ஃபைலில் ஏறி, ஜெயிலுக்குப் போய், ஜெபசீலனிடம் சேரப்போவது இதுதான். ஏழு வாரம் அவன் எதற்காக அவஸ்தைப்பட்டானோ, அதைப் பிரித்துப் பார்த்தால் ஓடும் அரிசியும் பல்வலியும் இருக்கும். சீ, அதற்குக் கொடுக்காமலே இருக்கலாம்.

தாளை உருவி எடுத்துக் கசக்கினாள். "வேணாம் சார். எழுதினதையே அடிக்கிறேன்" என்றாள். ராஜகோபாலன் வெளியே போய் நின்றுகொண்டார். அவள் அடித்தது இது:

"என்னங்க, இதை யாரும் படிக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கட்டிலில் உங்கள் பக்கம் துவைத்த துணியை மடித்து வரிசையாக வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் தூக்கத்தில் அந்தப் பக்கம் உருண்டு போகிறேன், கை வெறும் பாயைத் தொடும்போது முழிப்பு வந்துவிடுகிறது. போன வாரம் ரயிலில் ஒருவர் மேலே உங்கள் கடை வாசனை அடித்தது. டிங்ச்சர் வாசனை. அவர் யாரோ எவரோ. குரோம்பேட்டையில் அவர் இறங்குகிறவரை உட்கார இடம் இருந்தும் பக்கத்திலேயே நின்றேன். தப்புத்தான், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

பாலாம்பாள் வீட்டுக்காரரைச் சந்தையில் பார்த்தேன். ஒரு ஆளுக்குக் கீரை வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் பக்கத்து இடம் காலி. நான் நாள் எண்ணலாம், அவர் எதை எண்ணுவார்? அதனால் நான் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அங்கே வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் வாயை அசைக்கிறீர்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்ட மாதிரி தலையாட்டுகிறேன். ஊரார் பேச்சையெல்லாம் எழுதி எழுதிக் கை காய்த்துப்போனது, உங்கள் பேச்சு ஒரு வரி கிடைக்க மாட்டேன் என்கிறது. எனக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது. நீங்கள் வரும்போது நாற்பத்து மூன்று. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஆசையாக ஒரு வார்த்தை உங்களிடம் சொன்னதில்லை. எப்போதும் இருப்பீர்கள், எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நீங்கள் இல்லாமல் என்னால் முடியவில்லை. சௌந்தரி."

ஒரே தாள். ஒரு பிழை இல்லை. ராஜகோபாலன் உறையில் போட்டு ஒட்டி, தானே எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார்.

இடைவேளை முடிந்து மன்றம் கூடியபோது எழுத்து மேசையில் கிட்டுவின் முறை. சௌந்தரியின் முறைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு நடக்கிறது, மேசை தட்டுகிற சத்தம் வருகிறது, என்னவென்று புரியவில்லை. பைபிளில் ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கிட்டு நோட்டைத் தட்டிக்கொண்டே வந்தான். "அக்கா, நீங்க மிஸ் பண்ணிட்டீங்க! இன்னிக்குச் செம ரகளை. அந்த ரகசிய லெட்டர் இருக்குல்ல, அது நம்ம ஷார்ட்ஹேண்டாம்க்கா! யாரோ ஒரு லேடி புருஷனுக்கு எழுதினதாம்."

"என்ன சொன்னாங்க? படி கிட்டு." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அவன் நின்றபடியே நோட்டைப் பார்த்துப் படித்தான். "மாற்றுத் தலைவர்: கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். அது ஒரு மனைவி தன் கணவருக்கு எழுதியது. அரசாங்கத்துக்குச் சம்பந்தப்பட்டது அதில் ஒன்றும் இல்லை. உடனே அந்த எதிர்க்கட்சிக்காரர் எழுந்தாருக்கா: அப்படியானால் மன்றத்தில் படியுங்கள், நாங்களும் கேட்கிறோம். சிரிப்பு. மாற்றுத் தலைவர்: அது உங்களுக்கு எழுதியது இல்லை, உட்காருங்கள்."

"அப்புறம்?"

"அப்புறம் தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, அதை எழுத முடியாதே. அப்புறம் சொல்றாரு: படிக்க வேண்டியவரைத் தவிர மற்ற எல்லாரும் இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டோம். உரியவரிடம் அதை இந்த வாரமே சேர்க்க வேண்டும். கடிதத்தைப் பற்றி இங்கே பேசியதெல்லாம் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. அமைச்சர் எழுந்து, மனுத் தடையும் மாற்றலும் ரத்துன்னாரு. கம்பி வலையை எடுக்கறது பத்தி யாரோ கேட்டாங்க, நிதி நிலைமையைப் பொறுத்துன்னுட்டாரு. அது நடக்காதுக்கா, நமக்குத் தெரியாதா. மசோதா குரல் ஓட்டுல பாஸ்." நோட்டை மூடிவிட்டு அவளைப் பார்த்தான். "ஏன்க்கா அழறீங்க?"

"ஒண்ணுமில்ல. போய் டைப் அடி" என்றாள். மசோதா பாஸானதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை. பாலாம்பாள் வீட்டுக்காரரின் கீரைப் பை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனாள். ஒன்பது வாரத்துக்குப் பிறகு மனு. நீலப் புடவை கட்டினாள், கனகாம்பரம் வாங்கி வைத்தாள். அவள் போகிற கிறிஸ்தவ சபையில் பூ வைப்பதை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. வலையின் முன்னால் நாற்பது பேரோடு இடித்துப் பிடித்து நின்றாள். அந்தப் பக்கம் வரிசையாக ஆட்களை விட்டார்கள். ஜெபசீலன் வந்தான். மெலிந்திருந்தான், தாடி நரைத்திருந்தது. கையில் மடித்த காகிதம் வைத்திருந்தான்.

சுருக்கெழுத்தில் இருந்ததை ஜெயில்காரர்கள் ஃபைலிலேயே வைத்துக்கொண்டார்கள். அவனிடம் கொடுத்தது டைப் அடித்த தாள், மேலே ரப்பர் ஸ்டாம்பு, கீழே யாரோ அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து. கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருந்தது. அவன் அதை விரித்துக் காட்டி ஏதோ கேட்டான். கேட்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டான். வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு கேட்டான். முகத்தில் சந்தோஷம் இல்லை, ஒரு பயம் இருந்தது. சௌந்தரிக்கு இந்தத் தடவை தலையாட்ட மனசு வரவில்லை. தெரியவில்லை என்று கையை விரித்தாள்.

பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண் இவள் தோளைத் தட்டினாள். அனகாபுத்தூர்க்காரி, பெயர் பச்சையம்மா. அவள் மகன் அந்தப் பக்கம் ஜெபசீலனுக்கு அடுத்து நின்றான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய நெசவுக்காரன் குரல், நன்றாக எட்டியது.

"ஏ கண்ணு, உன் வூட்டுக்காரரு இன்னாவோ கேக்கறாராம், என் புள்ள சொல்றான். அந்தக் காயிதம் மெய்யாலுமே நீ எழுதினதான்னு கேக்கறாரு. மிசின்ல அடிச்சிகீதாம், ஆபீசரு கையெழுத்து கீதாம். அவரு பொஞ்சாதி இப்டில்லாம் எழுதற ஆளே இல்லியாம். இவனுங்க எவனாவது வெளையாட்டுக்கு எழுதிக் குடுத்து ஏமாத்தறானுங்களோன்னு ராப்பகலா ஒரே ரோசனையாம்."

பதினாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். தன் பெண்டாட்டி தன்னை இப்படி நினைப்பாள் என்று நம்பத் தைரியம் இல்லாமல், கையில் அவள் கடிதத்தையே வைத்துக்கொண்டு சந்தேகத்தோடு நிற்கிறான். அவனைச் சொல்லி என்ன குற்றம்? சொல்லியிருந்தால்தானே நம்புவான். சுற்றிலும் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், நடுவில் காவலர்கள். அவள் இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க எழுதினேன்!" என்று கத்தினாள். அப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. "அத்தனையும் நான்தான்! டைப் அடிச்சதும் நான்தான்! நீங்க இல்லாம என்னால முடியலங்க! கேக்குதா? என்னால முடியல!"

வலையோரத்தில் கூச்சல் சட்டென்று தணிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் பச்சையம்மாவின் மகன் ஜெபசீலன் காதருகே குனிந்து, விட்டுப்போனதையெல்லாம் எடுத்துச் சொன்னான். ஜெபசீலன் காகிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பையனிடம் ஏதோ சொன்னான். அதற்குள் கூச்சல் பழையபடி ஏறிவிட்டது.

பையன் கத்தினான். பச்சையம்மா காதில் கை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சௌந்தரி பக்கம் திரும்பினாள்.

"அவருக்கும் அப்டித்தான் கீதாம் கண்ணு. உன்னிய உட்டுட்டு அவரால ஒரு நாளு ஓட்ட முடியலியாம்."

சௌந்தரி வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளுக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கம்மா" என்றாள்.